நெகிழ்ந்த தொடர்பின் வலிமை

ஒரு கொள்கை அறிஞருலகில் நிலைபெறுதற்கு அதன் உண்மை மட்டும் போதாது. அதற்கு வாய்த்த பெயரும் துணைசெய்தல் வேண்டும். சமூகவியலில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது, அமெரிக்க அறிஞர் மார்க் கிறனோவெற்றர் 1973 ஆம் ஆண்டில் ‘அமெரிக்க சமூகவியற் சஞ்சிகை’யில் வெளியிட்ட ‘நெகிழ்ந்த தொடர்புகளின் வலிமை’ என்னும் கட்டுரையாகும். நெகிழ்ந்தது யாங்ஙனம் வலிதாகும் என்னும் வியப்பைத் தலைப்பிலேயே தோற்றுவித்த அக்கட்டுரை, இருபது பக்கங்களைச் சிறிதே கடந்தது. எனினும், தொழில் நிலையங்களிற் குழுவாக வேலைசெய்வோரைப் பற்றியும், கணினி வழியாக இணைந்தோரைப் பற்றியும் இன்று நிகழும் ஆராய்ச்சிகள் பல அதனையே அடித்தளமாகக் கொண்டுள்ளன. இளைஞர்க்கு வழிகாட்டுவோரும், ‘அறிமுகங்களைப் பெருக்குக’ என்னும் அறிவுரைக்கு அதனையே சான்று காட்டுவர். ஆதலின் அக்கொள்கை எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்பதை வேறுபிரித்து நோக்குதல் இன்றியமையாததாகின்றது.

கொள்கையின் சிறப்பை முதற்கண் எடுத்துரைத்தல் முறையாகும். இருவரிடையே உள்ள தொடர்பின் இறுக்கத்தைக் கிறனோவெற்றர் நான்கு கூறுகளால் வரையறுத்தார். ஒருவருக்காக மற்றவர் செலவிடும் காலம், உணர்ச்சியின் ஆழம், மனந்திறந்து பேசும் நம்பிக்கை, ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் உதவி என்பனவே அவை. ஒருவனுக்கு நெருங்கிய நண்பர் இருவர் இருப்பின், அவ்விருவரும் தம்முள் அறிமுகமாயிருத்தல் பெரும்பாலும் இயல்பு. ஆகவே நெருங்கிய நண்பர் வட்டத்தினுள் ஒருவன் அறிந்ததை ஏனையோரும் அறிந்திருப்பர். ஒரே செய்தி அதனுள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். புதுச் செய்தி புகவேண்டுமாயின் வேறொரு வட்டத்திலிருந்தே புகல் வேண்டும். ஒரு வட்டத்தை மற்றொன்றோடு பொருத்தும் பாலமாக அமைவது எப்பொழுதும் நெகிழ்ந்த தொடர்பே என்பது அவர் முடிபு. தனி மனிதரின் சிறு பழக்கங்களிலிருந்து பெருஞ் சமூகத்தின் அமைப்பை விளக்க முற்பட்ட இத்தருக்கத்தின் எளிமை பாராட்டற்குரியது.

இம்முடிபுக்கு அவர் காட்டிய சான்றுகளுள் இரண்டு கருதற்பாலன. ஒன்று, பொஸ்ரன் நகரின் மேற்கு முனை என வழங்கிய பகுதி பற்றியது. இத்தாலிய மரபினர் செறிந்து வாழ்ந்த அப்பகுதி, 1950களின் இறுதியில் நகரப் புனரமைப்பின் பேரால் இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் ஒன்றுதிரண்டு அதனைத் தடுத்திலர். இதனை ஹேபேட் கான்ஸ் 1962 இல் வெளிவந்த தமது நூலில் விரித்துரைத்தார். அம்மக்களிடையே இறுகிய வட்டங்கள் பல இருந்தும், அவற்றை இணைக்கும் பாலங்கள் இல்லாமையே தோல்விக்குக் காரணமாகலாம் எனக் கிறனோவெற்றர் கருதினார். ஆயின் அம்மக்களோடு உடனுறைந்து ஆராய்ந்த கான்ஸ், 1974 இல் அதே சஞ்சிகையில் இவ்விளக்கத்தை மறுத்தெழுதினார். கள ஆய்வு செய்தவரே உடன்படாத விளக்கத்தைத் துணிந்த சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மற்றையது, பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள நியூற்றன் என்னும் ஊரில், தொழில்வல்லோர், நிருவாகத்தினர் முதலியோரிடம் அவர் நடத்திய விசாரணையாகும். தெரிந்தவர் வாயிலாக வேலை பெற்றோரை, அச்செய்தி தந்தவரை அக்காலத்தில் எத்துணை முறை சந்தித்து வந்தீர் என அவர் வினாவினார். அடிக்கடி, அதாவது வாரம் இருமுறையாயினும், சந்தித்ததாகக் கூறியோர் நூற்றுக்கு 16.7, இடையிடையே சந்தித்தோர் 55.6; ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினும் அரிதாகவோ சந்தித்தோர் 27.8. கொள்கையின் புகழ் பெரும்பாலும் இம்மூன்று எண்களின்மீது எழுந்ததாகும்.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்கின் சில ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, இவ்வினாவுக்கு விடையளித்தோர் 54 பேர் மட்டுமே. நூற்றுவீதமாகக் கூறுமிடத்துப் பெரிதாகத் தோன்றுவது, தலையெண்ணிக் கூறுமிடத்து ஒன்பதின்மர், முப்பதின்மர், பதினைவர் எனச் சுருங்கிவிடும். மேலும், மிகுந்த தொகையினர் நடுவகுப்பினரே. மிக நெகிழ்ந்த தொடர்பினர் அல்லர். தலைப்பு ஒரு முனையைப் புகழ, அட்டவணை நடுவிடத்தைச் சுட்டுகின்றது.

இரண்டாவது ஐயம் இதனினும் முக்கியமானது. நான்கு கூறுகளால் வரையறுக்கப்பட்ட தொடர்பு, அளவிடும் வேளையில் சந்திப்பின் எண்ணிக்கை என்னும் ஒரு கூறாகக் குறுகிவிட்டது. வேலைச் செய்தி தந்தோர் யாவர் என ஆசிரியரே கூறுமிடத்து, பழைய கல்லூரி நண்பர், முன்னர் உடன் வேலைசெய்தோர், முன்னைய முதலாளி ஆகியோரைக் குறிப்பிடுகின்றார். இவர்கள் இன்று அரிதாகச் சந்திக்கப்படுவோர் என்பது உண்மை. ஆயின் ஒருகாலத்து ஒரே வகுப்பில் இருந்து கற்றோரும், ஒரே பணியில் உழன்றோரும் ஆவர். இவர்களை வழியிற் கண்டு தலையசைப்பாரோடு ஒரே வகுப்பில் வைத்து எண்ணலாமா? 2011 இல் லெவின், வோல்ற்றர், மேணிகன் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. பல ஆண்டுகளாகத் தொடர்பற்றிருந்தோரிடம் மீண்டும் சென்று, தம் தொழில் பற்றி ஆலோசனை பெறுமாறு நிருவாகிகள் சிலரை அவர்கள் பணித்தனர். முன்னர் நெருங்கியிருந்து பின்னர் உறங்கிப்போன தொடர்பு, புதுமையையும் நம்பிக்கையையும் ஒருங்கே தந்தது. எனவே நியூற்றனில் வெளிப்பட்ட வலிமையிற் பெரும்பங்கு நெகிழ்ச்சியின் வலிமையன்று, பழைமையின் வலிமை எனக் கொள்ளுதற்கு இடமுண்டு.

சந்திப்பின் எண்ணிக்கை நட்பின் அளவுகோலாகாது என்பது தமிழ் மரபில் முன்னரே தெளிந்த கருத்தாகும். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களைத் திருவள்ளுவர் இப்பொருளுக்கு ஒதுக்கினார். பழகுதல் இன்றியும் உணர்ச்சி ஒத்தவிடத்து நட்பு உண்டாம் என்பதை விளக்குமிடத்துப் பரிமேலழகர் காட்டும் உதாரணம், கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஆவர். உயிரோடிருந்த காலத்தில் நேரிற் காணாத அவ்விருவரையும் நியூற்றன் அட்டவணையில் இடுவதாயின், அவர்க்கு மூன்று வகுப்பிலும் இடமில்லை. இது கவிஞர் உலகத்துக்கு மட்டும் உரிய அரிய நிகழ்ச்சி எனினும், அளவுகோலின் குறையைக் காட்டுதற்கு இஃதொன்றே போதும்.

மூன்றாவது ஐயம் தொகை பற்றியது. ஒருவனுக்கு நெருங்கிய நண்பர் சிலராகவும், அறிமுகமானோர் பலராகவும் இருத்தல் உலகியல்பு. பலருள் யாரேனும் ஒருவர் உதவினார் என்பதால், அவர் ஒவ்வொருவரும் நெருங்கிய நண்பரினும் பயனுடையர் என்று துணிதல் தவறாகும். முகநூலைப் பயன்படுத்துவோர் 60 இலட்சம் பேரின் தொடர்புகளை ஆராய்ந்து கீ, ஜோன்ஸ், பேர்க் என்போர் 2017 இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்கிற்று. பெரும்பாலோர்க்கு வேலைபெற உதவியது நெகிழ்ந்த தொடர்புகளுள் ஒன்றே. ஆயினும் ஒன்றையொன்று தனித்து ஒப்பிடின், இறுகிய தொடர்பே மிகுந்த பயனுடையது. மழைத்துளிகள் பலவாதலாற் குளம் நிறையும். அதனால் ஒரு துளி ஒரு குடத்தினும் பெரிதாகிவிடாது.

இனி, தொடர்பின் வழியே செல்வது யாது என்பது நான்காவது வினா. கிறனோவெற்றரின் தருக்கம் முழுவதும் செய்தியைப் பற்றியது. ஆயின் மனிதர் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறுவது செய்தி மட்டுமன்று. சீனாவின் தியென்சின் நகரில் 1988 இல் நடந்த விசாரணையை ஆதாரமாகக் கொண்டு, யன்சி பியன் 1997 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலைகளை அரசே ஒதுக்கிய அக்காலத்தில் மக்கள் வேண்டி நின்றது அதிகாரியின் தயவு. அதனைப் பெற்றுத் தந்தவை நம்பிக்கையும் கடப்பாடும் பொருந்திய இறுகிய தொடர்புகளே. எனவே தொடர்பின் வலிமையை உரைக்குமுன், அது எச்சமூகத்தில், எப்பொருளைச் சுமந்து செல்கின்றது என்பதை உரைத்தல் வேண்டும்.

குழுவேலைக்கு இது பெரிதும் பொருந்தும். மோற்றன் ஹான்சன், பெரியதோர் இலத்திரனியல் நிறுவனத்தின் 41 பிரிவுகளில் நடைபெற்ற 120 ஆக்கத் திட்டங்களை ஆராய்ந்து 1999 இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் வெளிவந்தவற்றுட் சிறந்தவற்றுள் ஒன்றெனலாம். வேண்டிய அறிவு வேறெந்தப் பிரிவில் உளது எனத் தேடிக் கண்டறிதற்கு நெகிழ்ந்த தொடர்பு உதவிற்று. கண்டறிந்த அறிவு எளிதாயின் அத்தொடர்பு வழியே விரைந்து வந்தது. சிக்கலானதாயின் வாராது தயங்கிற்று. எழுத்தில் அடங்காத நுட்பத்தைக் கற்பிப்பவன், பொறுமையோடு பன்முறை விளக்கவேண்டியிருக்கும். அறிமுக அளவில் நின்றார்க்கு அப்பொறுமை எளிதில் வாராது. தேடுதற்கு ஒருவகைத் தொடர்பும், பெறுதற்கு மற்றொருவகைத் தொடர்பும் வேண்டும் என்னும் இப்பாகுபாடு, பழைய கொள்கையை மறுக்காமலே அதன் எல்லையை வரைந்து காட்டுகின்றது.

கணினித் தொழில்நுட்பம் பரவியபின் 54 பேர் என்னும் குறை நீங்கிற்று. தொழில்வல்லோர் இணையும் லிங்க்டின் என்னும் இணையத்தளத்தில் 2015 முதல் 2019 வரை நிகழ்ந்த பரிசோதனைகளின் பேறு, 2022 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்தது. அறிமுகமாயிருக்கக் கூடியோர் எனத் தளம் எடுத்துக்காட்டும் பெயர்ப் பட்டியலை மாற்றி மாற்றி அமைத்து, 2 கோடிக்கு மேற்பட்டோரிடம் அதன் விளைவு நோக்கப்பட்டது. காரண காரியத்தை நிறுவியதில் இவ்வாய்வு முன்னையவற்றை விஞ்சியது. அதன் முடிபோ சிந்தனைக்குரியது. இருவர்க்கும் பொதுவான நண்பரின் தொகையால் தொடர்பை அளந்தபோது, ஓரளவு நெகிழ்ந்ததே மிகுந்த பயன் தந்தது. பரிமாறிய செய்திகளின் அளவால் அளந்தபோது, மிக நெகிழ்ந்ததே மிகுந்த பயன் தந்தது. கணினி மிகுந்த தொழில்களில் நெகிழ்ந்த தொடர்பும், அது குறைந்த தொழில்களில் இறுகிய தொடர்பும் வலியவாயின. அளவுகோலை மாற்ற விடை மாறுமாயின், அளக்கப்பட்டது ஒரே பொருள்தானா என்னும் வினா எழாதிருக்க முடியாது.

இவ்வாய்வின் முறை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பட்டியல் மாறியதால் ஒரு சாரார்க்கு வேலைவாய்ப்பு மிகுந்தது எனின், மற்றொரு சாரார்க்கு அது மிகவில்லை என்பது தானே பெறப்படும். பரிசோதனைக்கு உட்படுகின்றோம் என்பதை அவர்கள் அறிந்திலர். நிறுவனத்தின் பொது விதிகளை ஏற்றுக்கொண்டதே சம்மதமாகக் கொள்ளப்பட்டது. பிழைப்போடு தொடர்புடைய ஒன்றில் அச்சம்மதம் போதுமா என்று கேட்டல் நியாயமே.

குழுவேலை பற்றிய மற்றோர் ஆய்வு மைக்றோசொவ்ற் நிறுவனத்தில் நிகழ்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலைசெய்யும் முறை புகுந்தபோது, ஐக்கிய அமெரிக்காவிலுள்ள அதன் ஊழியர் 61,182 பேரின் 2020 ஆம் ஆண்டு முற்பாதிக்குரிய மின்னஞ்சல், உரையாடல், கூட்டம் ஆகியவற்றின் பதிவுகள் ஆராயப்பட்டன. பிரிவுகளுக்கிடையே பாலமான தொடர்புகளுக்குச் செலவான நேரத்தின் பங்கு ஏறக்குறைய நாலிலொன்று குறைந்தது. தத்தம் குழுவினுள்ளே பழகுதல் மிகுந்தது. இம்மாற்றத்தைப் பதிவுகள் ஐயமறக் காட்டுகின்றன. ஆயின் இதனாற் புதிய அறிவு பரவுதல் தடைப்படும் என்னும் எச்சரிக்கை, பதிவுகளிலிருந்து நேரே பெறப்பட்டதன்று; 1973, 1999 ஆம் ஆண்டுகளின் கொள்கைகளிலிருந்து உய்த்துணரப்பட்டது. யார் யாரோடு எத்துணை நேரம் பேசினர் என்பதை இயந்திரம் அறியும். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பினரா, இடுக்கண் வந்துழி உதவினரா என்பதை அது அறியாது. நான்கு கூறுகளுள் எண்ணத்தக்கது ஒன்றாதலின், அவ்வொன்றே தொடர்பு எனக் கருதும் வழக்கம் நியூற்றனில் தொடங்கி இன்றுவரை நீங்கிற்றில்லை.

தொகுத்து நோக்கின், கிறனோவெற்றரின் கட்டுரை செய்தி பரவும் நெறியை விளக்கும் கொள்கை என்ற வகையில் அழியாச் சிறப்புடையது. வட்டங்களுக்கிடையே பாலம் வேண்டும் என்பது மறுக்கவொண்ணாதது. ஆயின் அதனை மனிதத் தொடர்பு முழுவதற்கும் உரிய விதியாக விரித்தல் அவர் காட்டிய சான்றுக்கு அப்பாற்பட்டது. பெயர்களைச் சேர்த்துக்கொண்டே செல்லும் இளைஞன் செய்தி பெறுவான். அச்செய்தி வந்தபின் அவனுக்காகப் பிணைநிற்பவரும், வேலையில் அமர்ந்தபின் அதன் நுட்பத்தைக் கற்பிப்பவரும் பிறிதொரு வகைத் தொடர்பினராவர். இனி வரும் ஆராய்ச்சியாளர், எண்ணுதற்கு எளிதான கூறோடு அமையாது, ஆசிரியர் தாமே வகுத்த ஏனை மூன்று கூறுகளையும் அளக்கும் வழி காண்பாராயின், நெகிழ்ந்த தொடர்பின் வலிமையும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கும்.