கோபம் யார் மேல் வருகிறது?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு புதுச் சரக்கு வந்திருக்கிறது: 'மனவெழுச்சி நுண்ணறிவு'. கல்வியியல் பாடத்தில் இருக்கிறது, பயிற்சி முகாம்களிலும் பேசப்படுகிறது. சாரம் இதுதான்: வாத்தியார் தன் கோபத்தைத் தானே கண்டுகொள்ளணும், அடக்கணும், பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்கணும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருமே வேண்டாமென்று சொல்ல முடியாத ஒன்றைத்தான் நாம் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இதன் பூர்வீகம் என்ன? 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைக் கருத்தாக்கமாக முன்வைத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் இதைப் புத்தகமாக்கிப் பரவலாக்கினார். 1998இல் அவரே அதை அலுவலக வேலைக்குப் பொருத்தி இன்னொரு புத்தகம் போட்டார். இதற்கெல்லாம் முன்பே, 1983இல், ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விஷயத்தை எதிர்முனையிலிருந்து பார்த்திருந்தார். விமானப் பணிப்பெண்ணின் சிரிப்பும் கடன் வசூலிப்பவரின் கடுமையும் சம்பளத்துக்காகச் செய்யப்படும் உழைப்பு என்றார் அவர். தொடக்கப்பள்ளி வாத்தியாரிடம் இந்த இரண்டையுமே கேட்கிறார்கள். சிரிக்கவும் வேண்டும், மிரட்டவும் வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருத்தர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே நேரத்தில் கட்டி மேய்க்க வேண்டும். இதில் வருகிற எரிச்சலைப் பத்து வரை எண்ணி, மூச்சு விட்டுத் தீர்த்துக்கொள்ளச் சொல்வது, அமைப்பின் குறையைத் தனிமனித மனசின் குறையாக மாற்றுகிற வேலை.

இதோடு நிறுத்தினால் வாத்தியாருக்கு வக்காலத்து வாங்கினதாப் போய்விடும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. வாய்ப்பாட்டில் நானும் ஊர்ப் பெரிய வீட்டுப் பையனும் ஒரே இடத்தில் தப்புப் பண்ணினோம். அவனுக்கு, 'என்னப்பா, வீட்ல படிக்கலியா?' எனக்கு, பிரம்பு. கூடவே, 'உனக்கெல்லாம் எங்கடா படிப்பு ஏறும்?' அன்று காலையில்தான் பள்ளிக்கு வந்த அதிகாரி அதே வாத்தியாரை எங்கள் முன்னால் திட்டிவிட்டுப் போயிருந்தார். வாத்தியார் கைகட்டி, சிரித்த முகமாய் நின்றார்.

அவருக்கு நுண்ணறிவு குறைவு என்று யார் சொல்வது? அதிகாரி முன் அடங்கின கோபம், பெரிய வீட்டுப் பையனிடம் கனிந்த கோபம், ஏன் அடிச்சீங்கன்னு கேட்க வராத அப்பனின் பிள்ளைமேல் வந்து இறங்கியது. மேலே அடங்கவும் கீழே பாயவும் அதற்குத் தெரிந்திருக்கிறது. சாதியும் அதிகாரமும் வெட்டி வைத்த வாய்க்காலில்தான் உணர்ச்சி ஓடுகிறது. தனிமனித மூளைக்குள் அதைத் தேடுகிற உளவியலுக்கு இந்த வாய்க்கால் கண்ணில் படுவதில்லை.

சரி, வாத்தியார் இரக்கமுள்ளவராகவே இருக்கட்டும். அதுமட்டும் போதுமா? அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தாகமெடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் அனுமதி போதும், குழாய்க்குப் போகலாம். அவருக்கு அது போதாது. குழாயைத் திறந்துவிடப் பள்ளிப் பணியாளரும் இருந்தாக வேண்டும். ஆசிரியரின் நல்ல மனசு குழாய்வரைக்கும் எட்டவில்லை.

அதே 2009 சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பிரம்பை ஒளித்துவைத்துவிடலாம். 'உனக்கெல்லாம்' என்ற சொல்லை எங்கே ஒளிப்பது?

இந்த இதழ் வாசகர்களிலும் ஆசிரியர்கள் இருப்பீர்கள். அடுத்த முகாமில் மூச்சுப் பயிற்சி முடிந்ததும் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். போன வாரம் யாரைத் திட்டினேன், யாரைத் தொட்டுத் தட்டிக்கொடுத்தேன், யாரைப் பெருக்கச் சொன்னேன் என்று பெயர் பெயராக எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு அந்தப் பெயர்களெல்லாம் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். பயிற்சியை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.