ஆள் வைத்து வெட்டும் சுரங்கம்

இணைய விளையாட்டுகளில் வாளும் மந்திரமும் விளம்பரத்துக்கு. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு நேரத்தைத் தின்பது கல்லும் கட்டையும் மூலிகையும்தான். கவசம் செய்ய இரும்புக் கட்டி வேண்டும், கட்டிக்குத் தாது வேண்டும், தாதுவுக்கு மலையடிவாரத்தில் நின்று பிக்காசை ஓங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1997இல் அல்டிமா ஆன்லைன் வந்த காலத்திலிருந்தே இதுதான் நிலைமை. அலுத்துப்போனவர்கள் அப்போதே மேக்ரோ என்கிற தானியங்கி நிரல் எழுதி, தாங்கள் தூங்கும்போது தங்கள் பாத்திரம் பாறையைக் கொத்தும்படி செய்தார்கள். பிடிபட்டால் தடை, தடை வந்தால் வேறு கணக்கு.

இந்தத் துரத்தலுக்கு நடுவே சில விளையாட்டுகள் வேறொரு யோசனைக்கு வந்தன: கொத்துவதற்கு ஆளை நாங்களே தருகிறோம், கூலியை நீ கொடு. அந்த ஆள்களில் நான் அதிகம் வேலை வாங்கியது ஃபைனல் ஃபேன்டஸி 14இன் ரிட்டெய்னர்களிடம். இந்த விமர்சனம் முதலில் அவர்களைப் பற்றியது. மற்ற ஆட்டங்களின் ஆள்கள் ஒப்பிட்டுப் பார்க்க வருவார்கள்.

ஸ்கொயர் எனிக்ஸ் இந்த ஆட்டத்தை இப்போதைய வடிவில் 2013 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. முதன்மைக் கதையில் 17ஆவது லெவலை ஒட்டிய பகுதியைத் தாண்டினால் இரண்டு ரிட்டெய்னர்களை வைத்துக்கொள்ளலாம். இனம், முகம், முடி, குணம் எல்லாம் நம் விருப்பம். பணிவானவரா, முரடா, கலகலப்பானவரா என்பது பேச்சோடு சரி. வேலையில் வித்தியாசம் இல்லை. என்னிடம் இருப்பது முத்து என்கிற குள்ள இன லாலஃபெல் சுரங்கத் தொழிலாளியும், செல்லம்மா என்கிற மூலிகைக்காரியும். முத்து திரும்பி வந்து நிற்கும்போது கழுத்துவரை உயரமுள்ள மேசைக்குப் பின்னால் நிற்பது போலிருக்கும். அதற்காகவே அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆளை அமர்த்திய கையோடு அனுப்பிவிட முடியாது. இங்கேதான் இந்த அமைப்பின் மூளை இருக்கிறது. முத்துவைச் சுரங்கத் தொழிலாளி ஆக்க வேண்டுமானால் அந்தத் தொழிலை நான் முதலில் எடுத்திருக்க வேண்டும். அவன் லெவல் என் லெவலைத் தாண்டாது. அதைவிட முக்கியம், ஒரு குறிப்பிட்ட தாதுவைக் கொண்டுவா என்று அனுப்ப வேண்டுமானால், அதை நான் என் கையால் ஒரு முறையாவது வெட்டி எடுத்திருக்க வேண்டும். எந்த ஊர், எந்தப் பாறை, பக்கத்தில் எந்த மிருகம் திரிகிறது என்று தெரிந்தவன் மட்டுமே ஆள் அனுப்பலாம். கருவியும் உடுப்பும் நாம்தான் வாங்கித்தர வேண்டும். உடுப்பின் தரம் கூடக் கூட அவன் கொண்டுவரும் அளவும் படிப்படியாகக் கூடும். என் பழைய கையுறைகள், காலணிகள் எல்லாம் முத்துவிடம் போய்ச் சேர்ந்தன. முன்பு அவற்றைக் கடைக்காரரிடம் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு அனுப்புவதை ஆட்டத்தில் வென்ச்சர் என்கிறார்கள். அதற்கான டோக்கனுக்கும் அதே பெயர். பொருளின் பெயரைச் சொல்லி அனுப்பினால் ஒரு டோக்கன். ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ ஆகும். 18 மணி நேரப் பயணத்துக்கு இரண்டு டோக்கன். என்ன வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். அதேபோல இரண்டு டோக்கன் கேட்கும் அவசரப் பயணம் ஒன்றும் உண்டு. பெரும்பாலும் பழைய சட்டை, மங்கிய தொப்பி, எப்போதாவது மார்க்கெட் போர்டில், அதாவது ஆட்டக்காரர்களின் சந்தையில், நல்ல விலை போகும் ஒன்று. சூதாட்டக் குணம் உள்ளவர்கள் இந்த மூன்றாவதில் போய் விழுவார்கள். டோக்கனை கிராண்ட் கம்பெனி என்கிற ராணுவ அமைப்பிடம் 200 முத்திரைக்கு ஒன்றாக வாங்கலாம். முத்திரை எங்கிருந்து வரும்? டஞ்சன் என்கிற சண்டைக் களங்களில் கிடைக்கும் வேண்டாத ஆயுதங்களையும் கவசங்களையும் அதே அமைப்பிடம் ஒப்படைத்தால் வரும்.

ஆக, பாறையடியில் நிற்கிற வேலை டஞ்சனுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. எனக்கு அது லாபம்தான், டஞ்சன் பிடிக்கும் என்பதால். பிடிக்காதவருக்கு இந்தக் கணக்கு இப்படி இனிக்காது.

வேகத்தைப் பார்த்தால் ரிட்டெய்னர் மகா மந்தம். நானே போய் வெட்டினால் ஒரு மணி நேரத்தில் சில நூறு தாது கிடைக்கும். முத்து கொண்டுவருவது அதில் சிறு பங்கு. புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து ஏமாந்து, இவனால் என்ன பிரயோசனம் என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பார்க்கத் தவறுவது, அந்த மணி நேரம் நம்முடையது அல்ல என்பதை. நான் அலுவலகத்தில் இருக்கும்போது, தூங்கும்போது, ஆட்டத்தையே திறக்காதபோதும் அவன் கடிகாரம் ஓடுகிறது. அலுவலகம் கிளம்பும் முன் 18 மணி நேரப் பயணம், மாலையில் ஆடும்போது ஒரு மணி நேர வேலைகள் என்று பிரித்துக்கொள்ள நினைத்தால் 18 என்ற எண் முரண்டு பிடிக்கும். காலை எட்டுக்கு அனுப்பினால் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குத்தான் முடியும். இரவு அனுப்பி மறுநாள் மாலை வாங்குவதுதான் வேலைக்குப் போகிறவருக்குச் சரிப்படும்.

எதற்கு அனுப்புவது என்பதிலும் கொஞ்சம் விவரம் வேண்டும். எந்தக் கைத்தொழில் செய்தாலும் நெருப்பு, பனி, காற்று, மண், மின்னல், நீர் என்ற ஆறு வகைப் படிகங்களில் ஏதாவதொன்று கரைந்துகொண்டே இருக்கும். அதைத் தேடிப் போவதைவிடச் சலிப்பான வேலை இந்த ஆட்டத்தில் இல்லை. முத்துவுக்கும் செல்லம்மாவுக்கும் என் நிரந்தர உத்தரவு அதுதான். அரிய தாதுக்களுக்கு அவர்களை அனுப்புவதில்லை. ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரத்தில் குறிப்பிட்ட நேரம் மட்டும் தோன்றி மறையும் பாறைகள் உண்டு. அந்த நேரத்துக்குப் பறந்து போய்ச் சேருவது, எந்தத் திறனை எந்த வெட்டுக்குச் செலவழிப்பது என்று கணக்குப் போடுவது எல்லாம் நல்ல விளையாட்டு. அதை ஆளிடம் கொடுப்பவர் அந்த ஆட்டத்தை எதற்கு ஆடுகிறார் என்றே எனக்குப் புரிவதில்லை.

குறை என்று சொன்னால் அந்த மணி. ரிட்டெய்னரை அழைக்க ஊரில் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். ஒருவரைக் கூப்பிட்டு, அவர் வணக்கம் சொல்வதைக் கடந்து, அறிக்கையைத் திறந்து, பொருளை வாங்கி, மறுபடி அனுப்பி, அவர் விடைபெறுவதைக் கடந்து அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். இரண்டு பேருக்கு இது பரவாயில்லை. பத்துப் பேர் வரை வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இதுவே ஒரு சுரங்க வேலை. விளைவு, ரிட்டெய்னர்களைத் தானாகக் கூப்பிட்டு, வாங்கி, அனுப்பும் செருகுநிரலை யாரோ எழுத, பலரும் ரகசியமாக ஓட்டுகிறார்கள். வெளி நிரல்களுக்கு ஆட்டத்தின் விதிகளில் இடமில்லை. மேக்ரோவை ஒழிக்க வந்த வேலையாளுக்கே மேக்ரோ!

பிளாக் டெசர்ட் ஆன்லைனில் இதே யோசனை வேறு முகத்தோடு இருக்கிறது. கொரியாவின் பேர்ல் அபிஸ் தயாரித்தது. அங்கே ஊருக்கு ஊர் வேலையாள்களை அமர்த்தலாம்: காப்ளின்களுக்கு வேகம் அதிகம், தெம்பு குறைவு; ராட்சதர்கள் நேரெதிர்; மனிதர்கள் நடுவில். அவர்கள் தங்க வீடு பிடிக்க வேண்டும். வயலுக்கும் சுரங்கத்துக்கும் வழியைத் திறக்கப் பங்களிப்புப் புள்ளிகளை முதலீடு செய்ய வேண்டும். பதவி உயர்வுத் தேர்வு உண்டு, தோற்கவும் செய்வார்கள். களைத்துப்போனால் பீர் கொடுக்க வேண்டும், ஒரு பீருக்கு இரண்டு புள்ளி தெம்பு. அந்த பீரைக் காய்ச்சுவது நாம். தானியம், தண்ணீர், சர்க்கரை, நொதி சேர்த்து அடுப்பில் போட வேண்டும். தானியத்துக்குப் பதில் உருளைக்கிழங்கும் செல்லும். உருளைக்கிழங்கு தோண்ட ஆள், ஆளுக்கு பீர், பீருக்கு உருளைக்கிழங்கு! இந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டவர் வீரராக உள்ளே போய் மேஸ்திரியாக வெளியே வருவார்.

ஆனால் அந்த மேஸ்திரி வேலை அலாதியானது. வரைபடத்தில் ஊர்களை இணைத்து, எந்தச் சுரங்கத்துக்கு எவன், எந்த வீட்டை விட்டுக்கொடுப்பது என்று யோசிப்பதில் சண்டையையே மறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் ஃபைனல் ஃபேன்டஸியின் ரிட்டெய்னர்கள் இதன் பக்கத்தில் வர முடியாது. என் சங்கடம் வேறு: ஆட்டம் ஓடினால்தான் ஆள் ஓடுவான் என்ற வழக்கத்தால், ஆட்டத்தைத் திரையின் மூலைக்குச் சுருக்கிவிட்டு இரவெல்லாம் கணினியை அணைக்காமல் விடுவது பிளாக் டெசர்ட்காரர்களிடம் ஊறிப்போனது. காப்ளினுக்கு பீர் கொடுத்தால் போதாது, மின்வாரியத்துக்கும் கட்ட வேண்டும்.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் இன்னொரு தினுசு. மிஸ்கலேனியா என்ற தீவின் ஆட்சி நம் கைக்கு வரும். குடிமக்களை மரம் வெட்ட, மீன் பிடிக்க, நிலக்கரி தோண்ட என்று பிரித்துவிட்டால் நாள்தோறும் சேரும். கஜானாவிலிருந்து கூலி போய்க்கொண்டிருக்கும். மக்கள் ஆதரவோ தானாகக் குறையும். அதை ஏற்ற ஆள்பவரே தீவுக்குப் போய் களை பறிக்க வேண்டும், மரம் வெட்ட வேண்டும். எளிமையான சூழ்ச்சி, பிரமாதமாக வேலை செய்கிறது. தீவை நடத்த மாதத்தில் சில நிமிடம் போதும் என்பதால், அதிகம் ஆட நேரமில்லாதவர்களுக்கு மூன்றில் இதுவே நல்லது என்பேன்.

இப்படிக் கை நனைக்க வைக்காமல் அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சாட்சி. 2014 நவம்பரில் வந்த வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனோரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை தந்தார்கள். அதற்குள் சொந்தச் சுரங்கம், மூலிகைத் தோட்டம், மேற்பார்வைக்குத் தொண்டர்கள். சுரங்கத் தொழிலே கற்காதவரும் கோட்டைச் சுரங்கத்தில் வெட்டலாம். எல்லோரிடமும் தாது குவிந்தது. சந்தையில் விலை சரிந்தது. மலை மலையாகச் சுற்றித் தாது விற்றுப் பிழைத்த ஆட்டக்காரர்களுக்குப் போக்கிடம் இல்லை. தலைநகர வீதிகள் காலியாக, ஆளாளுக்குத் தன் கோட்டைக்குள் தனியே நின்றார்கள். 2016இல் லீஜன் வந்தபோது அந்தச் சொந்தச் சுரங்கத்தைத் தொடரவில்லை. என்னைக் கேட்டால் அந்தத் தொண்டர்களிடம் தவறில்லை. தெரியாத வேலைக்கும் ஆள் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டதுதான் தவறு. முத்துவுக்கு இருக்கும் கட்டுப்பாடு அந்தக் கோட்டையில் இருந்திருந்தால் சந்தை தப்பியிருக்கும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில கணக்குகள். ஃபைனல் ஃபேன்டஸி 14ஐ இலவசமாக 70ஆவது லெவல் வரை ஆடலாம். ஆனால் இலவசக் கணக்கில் ரிட்டெய்னர் கிடையாது, மார்க்கெட் போர்டும் கிடையாது. சந்தா மாதம் 12.99 டாலரில் தொடங்குகிறது. இந்தியாவில் இதற்கு சர்வர் இல்லை, எந்த சர்வரில் சேர்ந்தாலும் சண்டையில் கொஞ்சம் தாமதம் தெரியும். முத்துவுக்கு அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு ரிட்டெய்னரும் 175 பொருள்கள் வைக்க இடம் தருவார், மார்க்கெட் போர்டில் 20 பொருள்களை விற்பனைக்கு வைப்பார்; சேகரிப்பில் ஆர்வமே இல்லாதவருக்கும் இந்த இரண்டும் உதவும்.

இரண்டுக்கு மேல் வேண்டுமென்றால் ஆளுக்கு மாதம் சுமார் 2 டாலர் கூடுதல். பெட்டி நிறைந்து வழிகிறது, இடத்துக்காக வேண்டும் என்றால் எடுக்கலாம். தாது கொண்டுவர என்றால் வேண்டாம்: எல்லோரையும் ஒரே பொத்தானில் வாங்கி அனுப்பும் வசதியை நிறுவனம் தரும்வரை, அந்தப் பணம் மணியடியில் நின்று கூடுதலாக கிளிக் செய்வதற்கு நாம் கட்டும் கட்டணம்தான்.