பிரபாத் கம்பெனி எப்போது சரிந்தது? – ஒரு வியாபாரியின் கணக்கு

புனே நகரில் பாத்திரக் கடை வைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எடை போடுவது என் தொழில். ஓய்ந்த நேரத்தில் படிப்பது என் வழக்கம். பட்டம் எதுவும் பெற்றவன் அல்லன். மலர்க் குழுவினர் அன்போடு கேட்டதால் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் கற்றறிந்த அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் ஆனால் என் கடைக்கு மூன்று பேர் வருவார்கள். ஏதும் வாங்க அல்ல, பேசத்தான். ஒருவர் ஓய்வு பெற்ற மராட்டிப் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் கொல்ஹாப்பூர்க்காரர், வெல்ல மண்டி வைத்திருந்தவர். மூன்றாமவரின் பாட்டனார் பிரபாத் ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவர். மூவருக்கும் பிரபாத் ஃபிலிம் கம்பெனி என்றால் உயிர். கம்பெனி 1953-இல் மூடப்பட்டது என்பதில் அவர்களுக்குள் தகராறு இல்லை. சரிவு என்றைக்குத் தொடங்கியது என்பதில்தான் சண்டை. இருபது வருஷமாக அந்தச் சண்டையில் என் கடைத் தேநீர் ஆறிப்போகிறது.

கூத்தாடிகள் இரண்டுபட்டால் ஊருக்குக் கொண்டாட்டம் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது வெறும் சினிமாப் பேச்சு அன்று. பலர் சேர்ந்து கட்டிய ஒன்று எப்படிக் குலைகிறது என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது. அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐவர் கூட்டு

1929 ஜூன் 1 அன்று கொல்ஹாப்பூரில் ஐந்து பேர் கூட்டாகத் தொடங்கியது பிரபாத். வி. சாந்தாராம் இயக்கத்தைப் பார்த்தார். விஷ்ணுபந்த் தாம்லே ஒலிப்பதிவையும் தொழில்நுட்பத்தையும் பார்த்தார். ஃபத்தேலால் அரங்க அமைப்பு, ஓவியம். கேசவராவ் தைபர் ஒளிப்பதிவு. ஐந்தாமவர் சீதாராம்பந்த் குல்கர்ணி, நகை வியாபாரி. முதல் போட்டவர் அவர். ரசிகர்கள் யாரும் அவர் பெயரை எடுப்பதில்லை. எடை போடும் தொழிலில் இருப்பவன் என்பதால் நானாவது சொல்லி வைக்கிறேன்.

சாந்தாராம், தாம்லே, ஃபத்தேலால், தைபர் நால்வரும் பாபுராவ் பெயிண்டரின் மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனியில் தொழில் கற்றவர்கள். அவரை விட்டு வந்துதான் பிரபாத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் போன பிறகு அந்தப் பழைய கம்பெனி நெடுநாள் தாங்கவில்லை. ஆகவே பிரபாத்தின் பிறப்பே இன்னொரு கம்பெனியின் சரிவு. அன்று கொல்ஹாப்பூர்த் தெருவில் பெயிண்டரின் ரசிகர்கள் உட்கார்ந்து, "என்னிக்குச் சரிஞ்சது?" என்று இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்!

1932-இல் 'அயோத்தியேச்சா ராஜா' வந்தது. 1933-இல் கம்பெனி புனேக்குக் குடிபெயர்ந்தது. நடிகர், தச்சர், தையல்காரர் எல்லாருக்கும் மாதச் சம்பளம். எல்லாரும் ஒரே வளாகத்துக்குள் வேலை. நம் ஊர்க் கூட்டுக் குடும்பம் போன்ற அமைப்பு என்று சொன்னால் தவறாகாது.

நமக்கும் இதில் உறவு உண்டு என்பதைத் தமிழ் அன்பர்கள் பலர் அறியார். 1934-இல் வெளியான 'சீதா கல்யாணம்' தமிழ்ப் படம் பிரபாத்தின் தயாரிப்பு. இயக்கியவர் பாபுராவ் பெந்தார்க்கர். ராமனாக எஸ். ராஜம் நடித்தார், சீதையாக அவர் சகோதரி ஜெயலட்சுமி. பின்னாளில் வீணை வித்துவானாகப் புகழ் பெற்ற எஸ். பாலசந்தர் அதில் சிறு பையன். பாபநாசம் சிவன் திரைப்படத்துக்கு வந்ததும் இதன் வழியாகத்தான். மேலும், பிரபாத்திலிருந்து பிரிந்த தைபர்தான் 1938-இல் ஏ.வி. மெய்யப்பனுக்காக 'நந்தகுமார்' படத்தைத் தமிழில் இயக்கினார். டி.ஆர். மகாலிங்கம் அறிமுகமான படம் அது. கொல்ஹாப்பூர் விளக்கில் பற்றிய நெருப்பு காரைக்குடிக்காரர் வீட்டு விளக்கையும் ஏற்றியது.

மூன்று கட்சிகள்

முதல் கட்சி, வெல்ல மண்டிக்காரருடையது. "மண்ணை விட்டுப் போனானுங்களே, அன்னிக்கே போச்சு" என்பார். அதாவது 1933. ஊர்ப் பாசம் புரிகிறது. நானும் ஊரை விட்டு வந்தவன்தான். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. 'சந்த் துக்காராம்' (1936), 'குங்கூ' (1937), 'மாணூஸ்' (1939) எல்லாமே புனே மண்ணில் விளைந்தவை. இக்கட்சியை இத்துடன் விட்டுவிடலாம்.

இரண்டாவது கட்சி ஆசிரியருடையது. 1942. சாந்தாராம் பிரிந்து பம்பாயில் ராஜ்கமல் கலாமந்திரைத் தொடங்கிய ஆண்டு. "உயிர் போச்சு, உடம்புதான் மிச்சம்" என்பது அவர் வாதம். புத்தகம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோரும் இவர் பக்கம்தான். சாந்தாராம் அங்கே எடுத்த முதல் படம் 'சகுந்தலா' (1943) பம்பாயில் நூறு வாரத்துக்கு மேல் ஓடியது. எனவே இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது கட்சி தச்சர் பேரனுடையது. 1945. தாம்லே காலமான ஆண்டு. "பேர் வாங்கினவர் சாந்தாராம். கட்டிக் காத்தவர் தாம்லே. எங்க தாத்தா சொன்னது இதான்" என்பார்.

துக்காராமும் ராம்சாஸ்திரியும்

இவ்விரண்டு கட்சிகளையும் படங்களை வைத்தே சோதிப்போம். பிரபாத்தின் தலைசிறந்த படம் எது என்று கேட்டால் உலகம் 'சந்த் துக்காராம்' என்கிறது. பம்பாயில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. 1937-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. அதை இயக்கியவர்கள் தாம்லேயும் ஃபத்தேலாலும். சாந்தாராம் அல்லர்.

இரண்டு பாணியையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாந்தாராமின் காமிரா தன்னைக் காட்டிக்கொள்ளும். கோணம், நிழல், கடிகாரம், கண்ணாடி என்று ஒவ்வொன்றும் "பார், பார்" என்று சொல்லும். அழகுதான், மறுக்கவில்லை. துக்காராமில் காமிரா ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது. விஷ்ணுபந்த் பாக்னீஸ் பாடும்போது நடிப்பது போலவே இல்லை. மனைவி ஜிஜாயியாக வரும் கௌரி, கம்பெனியில் சின்ன வேலைக்கு வந்து நடிகையானவர். கணவன் கடவுளைப் பாடிக்கொண்டிருக்க, வீட்டில் மாவு இல்லையே என்று அவர் சத்தம் போடும்போது நம் வீட்டுப் பெண்கள் குரல் அப்படியே கேட்கிறது. ஒரு கூட்டுத் தொழிற்சாலையால்தான் இப்படி ஒரு ஜிஜாயியைத் தன் முற்றத்திலேயே கண்டெடுக்க முடியும்.

1942-க்குப் பிறகு வந்த 'ராம்சாஸ்திரி' (1944) இன்னொரு சாட்சி. பேஷ்வா நாராயணராவ் கொலையில் ரகுநாதராவே குற்றவாளி என்று ஆட்சியில் இருந்தவர் முகத்துக்கு நேரே சொன்ன நீதிபதியின் கதை. அந்தப் படத்தைத் தொடங்கிய இயக்குநர் வேறு, முடித்தவர் வேறு. நடுவிலும் கை மாறியது. கடைசியில் கஜானன் ஜாகிர்தார் தலைப்பாத்திரத்திலும் நடித்து, இயக்கியும் முடித்தார். இத்தனை கை மாறியும் பண்டம் கெடவில்லை. உயிர் போன உடம்பு இப்படி ஒரு படத்தை எடுக்குமா? ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். அன்றைக்கு அவர் தேநீரை முழுதாகக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

சாந்தாராம் பிரபாத்துக்காகக் கடைசியாக இயக்கிய படம் 'ஷேஜாரி' (1941), இந்தியில் 'படோசி'. பக்கத்து வீட்டுக்காரன் என்று பொருள். ஒரு கிராமத்தில் இந்து ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் உயிர் நண்பர்கள். அணை கட்ட வெளியூர்க்காரன் வருகிறான். அவனுக்கு நிலம் வேண்டும். அதற்காக நண்பர்களைப் பிரிக்கிறான். அணை உடையும்போது இருவரும் ஒன்றாகச் சாகிறார்கள். இந்திப் படத்தில் இந்துவாக மஸ்ஹர் கானும் முஸ்லிமாக ஜாகிர்தாரும் நடித்தார்கள்.

இதை மத ஒற்றுமைப் படம் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் பிரியப்போகிற கூட்டாளிகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்து எடுத்த படம் என்பதையும் நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. நண்பர்களுக்குள் இருந்த மனத்தாங்கலால் மட்டும் அந்த நட்பு உடையவில்லை. வெளியிலிருந்து வந்த பணம் உடைத்தது.

ஒரே பருவத்தில் மூன்று கடை

இங்கேதான் வியாபாரியின் புத்தி உதவுகிறது. பஜாரில் ஒரு கடை மூடினால் அந்த வீட்டுச் சண்டையை விசாரிக்கலாம். ஒரே பருவத்தில் மூன்று கடை மூடினால் பஜாரை விசாரிக்க வேண்டும். கல்கத்தாவில் பி.என். சர்க்காரின் நியூ தியேட்டர்ஸ், பம்பாயில் பாம்பே டாக்கீஸ், புனேயில் பிரபாத். மூன்றும் மாதச் சம்பள அமைப்பு. மூன்றும் 1950-களின் நடுவுக்குள் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் ஒரு 'விட்டுப் போனவரை' வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் நிதின் போஸ். பம்பாயில் 1940-இல் ஹிமான்ஷு ராய் மறைவு, பிறகு 1943-இல் ஃபில்மிஸ்தான் தொடங்கப் போன அசோக் குமார் கூட்டத்தார்.

அடியில் இருந்தது யுத்தகாலப் பணம். கச்சா ஃபிலிம் கட்டுப்பாட்டில் வந்தது. கறுப்புப் பணம் படத்துக்குள் நுழைந்தது. ஒரு நடிகருக்கு மாதச் சம்பளத்தில் பல வருஷம் கிடைப்பதை ஒரே படத்துக்குக் கொடுக்க வெளியாள் தயாரானான். அதுவரை கம்பெனிக்குத்தான் பெயர் இருந்தது. அப்புறம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக விலை வந்தது.

"அப்போ உங்க மெட்ராஸ்ல ஜெமினியும் சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸும் எப்படித் தாக்குப் பிடிச்சது?" என்று ஆசிரியர் மடக்கினார். நல்ல கேள்வி. அங்கே முதலாளி ஒருவர். பங்கு பிரிக்க ஆளில்லை. அதனால் அவர் ஆயுள் வரை நின்றன. டி.ஆர். சுந்தரம் 1963-இல் போனார், வாசன் 1969-இல் போனார். பழைய பெருமை அவர்களோடு போயிற்று. கூட்டுக் கடை பஜார் மாறினால் உடைகிறது. ஒற்றை முதலாளி கடை முதலாளி போனால் தளர்கிறது. இரண்டுக்கும் தப்பிய வழியை நான் இன்னும் கண்டதில்லை.

என் கணக்கு

நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் கடையும் முதலில் மூன்று பேர் கூட்டு. பேச்சுத் திறமை உள்ள பங்காளி ஒருவர் 1991-இல் பிரிந்து தனிக்கடை போட்டார். "இனிமே இந்தக் கடை அவ்வளவுதான்" என்று பஜாரே சொன்னது. தராசைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான். இன்றும் கடை இருக்கிறது, சிறிதாக. போனவர் போன தேதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. இருந்தவன் இத்தனை வருஷம் கதவைத் திறந்ததற்கு யாரிடமும் தேதி இல்லை. தாம்லே, ஃபத்தேலால் பக்கம் என் மனசு சாய்வதற்கு இதுவும் காரணம். படிப்பவர்கள் இந்தச் சாய்வையும் சேர்த்தே எடை போட்டுக்கொள்ளலாம்.

இனி என் தேதி. யார் போனார் என்று பார்ப்பதைவிட, போன இடம் நிரம்பியதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். தைபர் போனார், நிரம்பியது. சாந்தாராம் போனார், பாதி நிரம்பியது, ராம்சாஸ்திரி சாட்சி. தாம்லே போனார். அதற்கு அடுத்த ஆண்டு, 1946-இல், பிரபாத் 'ஹம் ஏக் ஹை' எடுத்தது. அதில் அறிமுகமான இளைஞர் தேவ் ஆனந்த். அதே காலத்தில் நடன அமைப்பாளராகச் சம்பளத்துக்கு இருந்த இன்னொருவர் குரு தத். சலவைக்காரர் சட்டையை மாற்றிக் கொடுக்கப்போய் இருவரும் நண்பரானார்கள் என்று சொல்வார்கள்.

ஆக, 1946-இலும் பிரபாத்தின் நாற்றங்காலில் பயிர் முளைத்தது. அதுவும் எப்படிப்பட்ட பயிர்! ஆனால் அதைத் தன் வயலில் நட்டு அறுக்கக் கம்பெனிக்குச் சக்தி இல்லை. இருவரும் பம்பாய் போனார்கள். 1949-இல் நவ்கேதன் பிறந்தது. 1951-இல் அதற்காக குரு தத் 'பாஸி' இயக்கினார். பிரபாத்தின் விளைச்சல் வேறு வீட்டுக் களஞ்சியத்தில் சேர்ந்தது. ஆகவே 1946 என்று நான் எழுதுகிறேன். பழையவர் போனதை ஒரு நிறுவனம் தாங்கும். வந்த புதியவரை வைத்துக்கொள்ள முடியாதபோது அது சரிகிறது.

இதைக் கடையில் சொன்னபோது ஆசிரியர் ஏற்கவில்லை. மண்டிக்காரர் சிரித்தார். தச்சர் பேரன் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எல்லாரும் ஏதோ தேதி சொல்றீங்க. எங்க வீட்ல, தாத்தா கடைசிச் சம்பளம் வாங்கின மாசம்தான் பிரபாத் சரிஞ்ச மாசம்" என்றார். அதற்கு நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

பிரபாத்தின் பெரிய படப்பிடிப்புக் கூடம் இன்றும் லா காலேஜ் சாலையில் நிற்கிறது. 1960-இல் அந்த வளாகத்தில் அரசு திரைப்படக் கல்விக்கூடம் தொடங்கிற்று. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து தொழில் கற்கிறார்கள். ஐவர் போட்ட கூரைக்குக் கீழே நாற்றங்கால் மட்டும் நின்றுபோகவில்லை என்பது ஒரு நிறைவு.

நம் சங்கத்திலும் "அந்தக் காலத்துப் பொங்கல் விழா மாதிரி வருமா?" என்று பெரியவர்கள் நாம் பேசிக்கொள்கிறோம். எந்தச் செயலாளர் விலகியபோது சங்கம் மங்கியது என்று தேதியும் சொல்கிறோம். சென்ற விழாவில் ஹிஞ்ஜவடி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பத்துப் பேர் வந்து நாற்காலி போட்டார்கள். அவர்களில் எத்தனை பேரை இந்த ஆண்டு நிர்வாகக் குழுவில் சேர்த்தோம் என்று மட்டும் கணக்குப் பார்த்தால் போதும்.