சின்னத்திரையில் ஓர் இசைநாடகம்

மேனாட்டார் ஒப்பெரா என வழங்கும் இசைநாடகம் பெருமண்டபத்துக்கெனப் பிறந்த கலை. வாத்தியங்கள் பலவற்றின் முழக்கத்தைக் கடந்து கடைசி வரிசையில் இருப்போரின் செவியையும் சென்றடையும் குரல் அதற்கு வேண்டும்; அக்குரலைப் பண்படுத்துவதிலேயே ஆண்டுகள் பல கழியும். அத்தகைய கலையை, இராவுணவு முடிந்தபின் வீட்டார் கூடியிருந்து பார்க்கும் ஒரு சிறு பெட்டியுள் அடக்குவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடியோர் சிலர் உளர். அவருள் அமெரிக்கரான றொபேட் அஷ்லி (1930–2014) கண்ட விடையே துணிவுமிக்கது என்பது என் கருத்து.

அவருக்கு முன்னோரின் முயற்சிகளை இகழ்தல் என் நோக்கமன்று. 1951ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல்நாள் இரவு மெனொற்றியின் ‘அமாலும் இராவிருந்தினரும்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 1971ஆம் ஆண்டு பெஞ்சமின் பிறிற்றனின் ‘ஓவன் விங்றேவ்’ பீ.பீ.சி.யில் இடம்பெற்றது. இரண்டும் தொலைக்காட்சிக்கென்றே இயற்றப்பட்டவை. இரண்டிலும் உயர்ந்த இசை உண்டு. எனினும், அங்கே கமரா மண்டபத்தின் முதல் ஆசனத்தைப் பெற்றுவிட்ட ஓர் இரசிகனாகவே நிற்கின்றது. பெருமண்டபத்துக்குப் பழகிய தொண்டையை அது அண்மையிற் சென்று காட்டும்போது, அகலத் திறந்த வாயும் புடைத்த நரம்புமே நம் கண்ணில் முதலிற் படுகின்றன, உணர்ச்சி பின்தங்கிவிடுகின்றது.

அஷ்லியின் ‘பேர்பெக்ற் லைவ்ஸ்’, குறையிலா வாழ்வுகள் என நாம் கொள்ளத்தக்கது, அரைமணி அளவான ஏழு பகுதிகளையுடையது. பூங்கா, பேரங்காடி, வங்கி, மதுச்சாலை, வரவேற்பறை, தேவாலயம், பின்வளவு என்பன அவற்றின் தலைப்புகள். ஒப்பெரா உலகின் அரசரும் தேவரும் இங்கில்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூருக்கு வயதான பாடகர் ஒருவரும் பியானோக் கலைஞர் ஒருவரும் வருகின்றனர். உள்ளூர் இளைஞர் சிலரோடு கூடி, வங்கிப் பணம் முழுவதையும் ஒருநாள் மட்டும் எடுத்துச் சென்று திருப்பி வைத்துவிட எண்ணுகின்றனர். கதை இவ்வளவே. குற்றம் என்று சொல்லவும் இயலாது, விளையாட்டு என்று விடவும் இயலாது.

இதனை உயர்வகுப்பு மாணவர் சிலருடன் ஒரு மாலையிற் பார்த்தேன். முதற்பகுதி நடந்துகொண்டிருக்கையில் ஒருவன் என் பக்கம் சாய்ந்து, “சேர், இவர் எப்ப பாடத் தொடங்குவார்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அஷ்லி பாடத் தொடங்குவதே இல்லை. அன்றேல், தொடக்கத்திலிருந்தே பாடிக்கொண்டிருக்கிறார். ஒலிவாங்கியின் அருகே, பக்கத்திலிருப்பவரோடு பேசும் அளவான குரலில், சொற்களை ஓசைக்கு இசைய நிறுத்தியும் ஓட்டியும் அவர் சொல்லிச் செல்கின்றார். நிமிடத்துக்கு 72 என்னும் தாளக்கதி மாறாது ஓடுகின்றது. அமைதியாக இருப்பவரின் நாடித்துடிப்பும் ஏறக்குறைய அதுவே. நம் கோயில்களிற் புராணபடனம் கேட்டவர்க்கு இது முற்றிலும் புதுமையன்று. பயன் சொல்பவர் எவ்விடத்தில் உரையை விட்டு இராகத்துக்குள் புகுந்தார் என்பதை யாரே வரையறுப்பர்? (முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் 1978இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது பின்னணியில் ஒலித்தது தபேலா என்பதை இங்கே குறிப்பிடாதிருக்க மனம் வரவில்லை.) வீட்டறைக்கு ஏற்ற குரல் இது. கத்தவேண்டிய தேவை இல்லாதபோது நகைச்சுவைக்கும், ஐயத்துக்கும், முதுமையின் தளர்ச்சிக்கும் இடம் கிடைக்கின்றது.

காட்சிப் பகுதியைப்பற்றி இத்துணை மகிழ்ச்சியுடன் எழுத இயலவில்லை. இயக்குநர் ஜோன் சான்போண் அக்காலத்து வீடியோக் கருவிகளின் வித்தைகள் பலவற்றையும் கையாண்டுள்ளார். திரை பிளக்கின்றது, படத்தின்மேற் படம் படிகின்றது, நிறம் திரிகின்றது. பியானோக் கட்டைகளின்மேல் ஓடும் ‘புளூ’ ஜீன் ரிரனியின் விரல்களைக் காட்டும் இடங்கள் அழகானவை; இசை பிறக்கும் இடத்தையே நாம் காண்கின்றோம். ஏனைய இடங்கள் பலவற்றிற் சொற்செறிவு ஒருபுறமும் படச்செறிவு மறுபுறமும் இழுக்க, கேட்போன் இரண்டையும் இழக்கின்றான். இக்குறையைப் புதுமை என்னும் பெயரால் மறைத்தல் தகாது.

இனி, இதற்கு ஒளிபரப்பில் இடம் கிடைத்த வரலாறு. நியூயோர்க்கில் 1971இல் தொடங்கிய ‘கிச்சன்’ என்னும் கலையரங்கமே இதனைத் தொலைக்காட்சிக்கென ஆக்குவித்தது. ஆயினும், அமெரிக்கச் சிற்றூரின் பேச்சையே இசையாக்கிய இப்படைப்பு முதலில் ஒளிபரப்பானது கடல்கடந்து பிரித்தானியாவில், 1984ஆம் ஆண்டு, சனல் 4இல். உருவிலும் பொருளிலும் புதுமுயற்சிகளை ஊக்குதல் அச்சேவைக்குச் சட்டமே விதித்த கடமை. தாயகத்திலோ, காணொளிக் கலைஞர்க்கெனப் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.என்.ஈ.ரி. 1972முதல் நடத்திவந்த பரிசோதனைக்கூடம் அதே 1984இல் மூடப்பட்டது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நிலையம் பலர் விரும்புவதையே காட்டவேண்டும் என்பாரும் உளர். பலர் விரும்புவதைக் காட்ட விளம்பரதாரர் வரிசையில் நிற்கின்றனரே! எவரும் கேளாத ஒன்றைக் கேட்குமாறு வைக்க வேறு யார் முன்வருவர்?

காண விரும்பும் மாணவர் முதற்பகுதியிலிருந்து தொடங்கற்க. மூன்றாவதாகிய ‘வங்கி’யை முதலிற் பார்க்க, கதை அங்கேதான் கைக்கு அகப்படுகின்றது. வங்கியில் பணம் இல்லை என்று ஊழியர் அறியும் கட்டத்தில், என் மாணவரும் வாய்விட்டுச் சிரித்தனர். பாட்டு எப்போது தொடங்கும் என்று அதன்பின் எவனும் கேட்டிலன்.