தொக்கு பாட்டிலில் எழுதப்படாத கூலி

வேளாண் கண்காட்சி மேடைகளில் இப்போதெல்லாம் நெல்லோ கரும்போ நன்றாக விளைவித்தவருக்குக் கைதட்டல் விழுவதில்லை. தக்காளித் தொக்கு பாட்டிலோடு ஏறுகிறவருக்குத்தான் விருதும் பொன்னாடையும். மறுவாரம் வண்ணப் படத்தோடு ஒரு வெற்றிக் கதை அச்சாகிறது. பெயரையும் ஊரையும் மாற்றினால் எல்லாக் கதைகளும் ஒன்றுதான்: சந்தையில் கிலோ 3 ரூபாய்க்குக் கேட்ட பழத்தை இவர் தொக்காக்கி 300 ரூபாய்க்கு விற்றார். மற்ற விவசாயிகளும் இப்படி மதிப்புக்கூட்டினால் என்ன என்று கடைசிப் பத்தி கேட்கும்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மிளகாய், புளி, மஞ்சள் போல உலர்ந்த பிறகே சந்தைக்குப் போகிற விளைச்சலைத் தன் களத்திலேயே காயவைத்து, தரம் பிரித்து, அவசரமில்லாமல் விற்பவருக்கு நிச்சயம் நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும். சுண்டைக்காய் வற்றலுக்கும் மோர் மிளகாய்க்கும் பெரிய முதல் வேண்டாம், வெயில் இலவசம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்குச் சிறு தயாரிப்பாளர் ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டுகிறார், அதிகாரிகளைத் திட்ட அதில் அதிகமில்லை. ருசியிலும் ஆலைத் தொக்கு இவர்களுடையதன் பக்கத்தில் நிற்காது.

ஆனால் தக்காளி போல நாலு நாளில் அழுகுகிற பண்டத்தின் விலைச் சரிவுக்கு இதையே மருந்தென்று சொல்கிறார்களே, அதை நான் நெடுநாளாக மறுத்து வருகிறேன்.

ஒட்டன்சத்திரத்தில் 14 கிலோ பெட்டி 50 ரூபாய்க்கு இறங்கும் நாளில் விவசாயி பழத்தைச் செடியிலேயே ஏன் விட்டுவிடுகிறார்? பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பழம் வீணாவது உழைப்புக்கு ஒரு விலை இருப்பதால்தான். அந்தப் பழத்தைத் தொக்காக்க வேண்டுமென்றால் முதலில் அதே பறிகூலியைக் கொடுத்தாக வேண்டும். அப்புறம் கழுவ வேண்டும், அரிய வேண்டும், வதக்கிக் கிளற வேண்டும், பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்துத் துடைக்க வேண்டும். கூலி கட்டுபடியாகாமல் கைவிட்ட பொருளின் மேல் அதைப் போலப் பல மடங்கு உழைப்பைக் கொட்டச் சொல்கிறது இந்த யோசனை. யாரோ ஒருவருடைய உழைப்புக்குக் கணக்கில் பூஜ்யம் போட்டால்தான் இது லாபமாகும். அந்த ஒருவர் யார் என்று நம் வீடுகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருது அவள் கணவன் பெயருக்கு வருகிறது. பாட்டிலின் மேல் ஒரு பாட்டி சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் கூலி கொடுத்ததாகத் தெரியவில்லை.

வெற்றிக் கதைகள் போடாத கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். தொக்கு காய்ச்சுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரை விரட்டுகிற வேலை. கொடிகட்டி வளர்த்த ஒட்டுரகம் நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு 20 டன் வரும். அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 2 டன்னை மட்டும் தொக்காக்குவதாக வைத்துக்கொள்வோம். மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ தேறினால் 660 கிலோ. வீட்டு அடுப்பில் இரண்டு பேர் நாள் முழுக்க நின்று 10 கிலோ இறக்கினால் (தாராளமாகத்தான் சொல்கிறேன்) 66 நாள் வேலை. பழம் 66 நாள் காத்திருக்காது. தப்பித் தவறி முடித்துவிட்டாலும் கால் கிலோ பாட்டில்கள் 2,600க்கு மேல் நிற்கும். ஒரு ஏக்கரின் பத்தில் ஒரு பங்குக்கே இந்தக் கதி. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் மேடைப் பேச்சைக் கேட்டு அடுப்பு மூட்டினால் இத்தனை தொக்கைத் தின்பது யார்?

கூலியையும் சேர்ப்போம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். இரண்டு பேருக்கு அதையே எழுதினாலும் கிலோ தொக்கின் மேல் 67 ரூபாய் ஏறுகிறது. அந்தத் தொக்கில் இருக்கும் மூன்று கிலோ தக்காளியின் விலையோ 9 ரூபாய். மிச்சமெல்லாம் நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், எரிவாயு, பாட்டில், கூரியர். விளைவித்தவருக்குக் கிடைக்கும் அனுகூலம் அந்த 9 ரூபாய்தான் என்றால், உழவர் சந்தையில் பை நிறைய வாங்கிப்போய் அடுக்குமாடி வீட்டில் தொக்கு போடுகிறவருக்கும் அதே அனுகூலம் இருக்கிறது. அவருக்கு மேலும் ஒரு வசதி உண்டு. தக்காளி ஏறினால் எலுமிச்சைக்கோ பூண்டுக்கோ மாறிக்கொள்வார். விவசாயிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது புத்தியுள்ள எந்த விவசாயி தொக்கு காய்ச்சியிருப்பார்? பழமாகவே விற்றிருப்பார், தொக்குக்குப் பழகிய வாடிக்கையாளர் வேறு கடை பார்த்திருப்பார். 1959இல் 80 ரூபாய்க் கடனில் மும்பையில் லிஜ்ஜத் அப்பளத்தைத் தொடங்கிய ஏழு பெண்களை எல்லா மேடையிலும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர்கள் உளுந்து விதைத்தவர்கள் அல்லர், வாங்கியவர்கள்.

பெண்களுக்குச் சொந்த வருமானம் வருகிறதே என்பார்கள். சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து, குழுவின் பெயரில் கணக்கு வைத்து, உழைத்த நாளுக்குப் பிரித்துக்கொள்ளும் இடங்களில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். மேடை ஏறுவது பெரும்பாலும் அந்தக் குழுக்கள் அல்ல.

பெரிய அளவில் பதப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் கிருஷ்ணகிரிக்குப் போய்வரட்டும். அங்கே மாங்கூழ் ஆலைகள் பல இருக்கின்றன. 2025 பருவத்தில் பெங்களூரா மாம்பழம் கிலோ 5 ரூபாய் அளவுக்குச் சரிந்ததை அவற்றால் தடுக்க முடியவில்லை.

இதில் அரசின் பங்கை யாரும் பேசுவதில்லை. சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி 20 பொருள்களின் ஒதுக்கீட்டை மத்திய அரசு 2015 ஏப்ரலில் நீக்கியது. ஊறுகாயும் சட்னியும் அந்தப் பட்டியலில் இருந்தன. பெரு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, 2020இல் குறு உணவுத் தொழில்களுக்கான திட்டத்தைக் கொண்டுவந்து, 35 சதவீத மானியம் தருகிறோம், நீங்களும் ஊறுகாய் போடுங்கள் என்றது. மீதி 65 சதவீதம் வங்கிக் கடனும் கைமுதலும். தக்காளி நட்டத்தோடு தவணையும் சேர்ந்துகொள்கிறது. விலை ஏன் விழுந்தது என்று கேட்க வேண்டிய விவசாயியை, நீ ஏன் தொக்கு போடவில்லை என்று திருப்பிக் கேட்கிற சாமர்த்தியம் இது. இந்த விருதுகளை நாளைக்கே நிறுத்தினாலும் எந்த விவசாயிக்கும் நட்டமில்லை என்றே நினைக்கிறேன்.

வேறு வழியில்லை என்பதும் சரியல்ல. கேரளம் 2020 அக்டோபரில் 16 வகைக் காய்கறி, பழங்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம், தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். அது எல்லாருக்கும் எட்டியது என்று வாதாட மாட்டேன். ஆனால் அந்த விலைக்கு 20 டன் விற்றால் 1,60,000 ரூபாய். அதற்கு வீட்டில் ஒருத்தி அடுப்படியில் 66 நாள் நிற்க வேண்டியதில்லை.