கழித்தல் குறி போட்ட வரிகள்

லினக்ஸில் இன்டெல் நெட்வொர்க் கார்டு டிரைவர்களை மெச்சுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவை ஒழுங்கான வீட்டில் பிறந்த பிள்ளைகள். என் மனசு ரியல்டெக் கார்டுகளுக்கான ஆர்8169 பக்கம்தான் போகும். ரியல்டெக் சில்லில் ரிவிஷனுக்கு ஒரு கோணல். அத்தனையையும் ஒரே டிரைவர் தலையில் சுமந்தது. கேபிள் செருகியிருக்கிறதா, வேகம் நூறா ஆயிரமா, இணைப்பு வராவிட்டால் எப்போது ரீசெட் அடிப்பது, எல்லாம் அதன் சொந்தப் பாடு.

2018-இல் கர்னல் டெவலப்பர் ஹெய்னர் கால்வைட் அதில் கை வைத்தார். 2005 முதலே கர்னலுக்குள் இருந்த பொது நூலகமான பைலிப்பிடம் இந்த வேலைகளை ஒப்படைத்தார். இணைப்பு மாறினால் பைலிப் கூப்பிட்டுச் சொல்லும். டிரைவர் தன் பங்கை மட்டும் பார்க்கும். ஒரே வெட்டாக வெட்டவில்லை. ஒரு பேட்சுக்கு ஒரு காரியம். பழைய கார்டு வைத்திருப்பவன் வயிற்றில் அடிக்காமல் வரிகளை எடுத்துக்கொண்டே போனார். எழுதிச் சேர்ப்பது யாருக்கும் வரும்; இப்படி எடுப்பது வராது.

சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயில் முறைத்தண்ணிக்காக அப்பா மண்வெட்டியோடு ராத்திரி காத்திருந்ததைப் பார்த்தவன் நான். பாக்கெட் வாங்கும் கர்னல் ஏற்பாடான நேப்பியைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கார்டு ஒரு தடவைக்கு 64 பாக்கெட் எடுக்கலாம். மிச்சம் இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். முறை வைப்பது கர்னல். டிரைவர் மடையைத் திறந்து மூடினால் போதும்.

2002 வாக்கில் நெல்லை டவுண் ரத வீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு மெஷின், எட்டிலும் ரியல்டெக்கின் 8139 கார்டு. அனுப்ப நாலே டிஸ்கிரிப்டர். வருகிற பாக்கெட்டையெல்லாம் பிராசசரே நகலெடுக்க வேண்டும். டொனால்ட் பெக்கரின் டிரைவரிலிருந்து ஜெஃப் கார்சிக் உருவாக்கிய 8139டூ, கார்டின் அந்த ஏழ்மையை ஒளிக்காது. பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கரண்ட் போன மத்தியானங்களில் படித்தேன்.

இப்போது கார்டுக்காரர்கள் தாங்களே தருகிற டிரைவர்களைத் திறந்தால் கர்னல் பதிப்புக்கு ஒரு இஃப்டெஃப். கண் வலிக்கிறது. வேகம் வேண்டுமென்று கர்னலையே சுற்றிக்கொண்டு டிபிடிகே பக்கம் போகிறார்கள் சிலர். டெலிகாம்காரர்களுக்கு அது சரி. ரசிக்க அதில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நேரமிருந்தால் ஆர்8169-இன் 2018 கிட் லாகைத் திறந்து பாருங்கள். கழித்தல் குறி போட்ட வரிகளை முதலில் படியுங்கள்.