தள்ளினால் ஓடும் வண்டிக்கு எந்தப் பூட்டு?

சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து பேண்டேஜ் துணிக் கட்டுகள், ராஜபாளையத்து மலையடிவாரத் தோப்புகளிலிருந்து மாங்காயும் தேங்காயும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்புகளுக்குப் பால் கேன்கள். இவற்றில் பெரும்பகுதியைச் சுமப்பவை ‘குட்டி யானை’ எனப்படும் டாடா ஏஸ்களும் பிக்கப் வண்டிகளும்தான். அவற்றில் பல, பத்து பதினைந்து வருடம் ஓடித் தேய்ந்தவை. கடன் அடைந்து முடிந்த வண்டி என்பதால் அதன் சம்பாத்தியம் அப்படியே வீட்டுக்கு வருகிறது. அது ஒரு ராத்திரியில் காணாமல் போனால், அடுத்த வண்டிக்கு முன்பணம் புரட்டக்கூட வழியில்லாத குடும்பங்கள் இங்கே நிறைய. இந்தப் பயத்தோடு கடைக்குப் போகிறவரிடம் முதலில் எடுத்து நீட்டப்படுவது ஜிபிஎஸ் டிராக்கர். அது நல்ல கருவிதான். ஆனால் பழைய லோடு வண்டிக்கு முதல் ரூபாயை அதில் போடக் கூடாது என்பது என் முடிவு. காரணம் இன்ஜினுக்குள் இருக்கிறது.

பெட்ரோல் இன்ஜினுக்குப் பொறி வேண்டும், பொறிக்குக் கரண்ட் வேண்டும். டீசலுக்கு அது தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். 2005-ல் வந்த டாடா ஏஸின் 702 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின், பழைய பொலேரோ பிக்கப்பின் 2523 சிசி டிஐ இன்ஜின் போன்றவற்றில், டீசலைத் தள்ளும் பம்ப்பையும் இன்ஜினே சுற்றுகிறது. இன்ஜெக்டரை ஆளும் கம்ப்யூட்டர் கிடையாது. பேட்டரி இறங்கிவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ள, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி உறுமிக் கிளம்புவதை லோடு ஸ்டாண்டில் நிற்கும் எவரும் பார்த்திருப்பார்கள். அவசரத்துக்குக் கைகொடுக்கும் அந்தக் குணமே திருட வருகிறவனுக்கும் கைகொடுக்கிறது. இறக்கமான இடம் கிடைத்தால் அவனுக்கு நாலு பேர்கூட வேண்டாம்.

அப்படியானால் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எப்படி நிற்கிறது? எந்தப் பாதுகாப்புக் கருவியை வாங்குவதற்கு முன்னும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஒரு வகை வண்டியில் பம்ப்பின் மேல் ஒரு சொலினாய்டு இருக்கும். கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை அது டீசலுக்கு வழி விடும், கரண்ட் நின்றால் அடைத்துவிடும். இன்னொரு வகையில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழும் அதிலிருந்து பம்ப்புக்கு ஒரு கேபிளும் இருக்கும், இழுத்தால் இன்ஜின் நிற்கும். அல்லது அந்த இழுவையைக் கரண்ட் வாங்கிச் செய்யும் சொலினாய்டு இருக்கும். இந்த இரண்டாம் வகையில் கரண்டே இல்லாவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய, இன்ஜின் ஓடும்போது சொலினாய்டுக்குப் போகும் வயரை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் முதல் வகை, ஓடினால் இரண்டாம் வகை. பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்க வேண்டாம். ஓடுகிற இன்ஜினில் அப்படிச் செய்தால் ஆல்டர்நேட்டரின் டையோடுகள் எரிந்துபோகக்கூடும். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், பின்னாளைய காமன் ரயில் பொலேரோக்கள் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகாவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது, தள்ளினாலும் பயனில்லை. அங்கே மறைவாக வைத்த ஒரு சுவிட்ச்சே நன்றாக வேலை செய்யும்.

இதை வைத்துப் பார்த்தால், கடைகளில் கிடைக்கும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்சைப் பற்றி எளிதில் தீர்ப்புச் சொல்லலாம். செல்ஃப் மோட்டாரை அது முடக்கும். வயரிங் தீப்பிடிக்கும் அபாயத்தைக் குறைக்கும், நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்காமல் காக்கும். அந்தப் பயனுக்காகவே வாங்கலாம். ஆனால் கேபிளால் நிற்கும் வண்டியை அது திருட்டிலிருந்து காப்பாற்றாது. சொலினாய்டு வண்டியில் ஓரளவு காப்பாற்றும், அதுவும் வெளியிலிருந்து ஒரு 12 வோல்ட் வயரைக் கொண்டுவந்து தொடத் தெரியாதவனிடமிருந்து மட்டும். டிராக்கரோடு சேர்த்து விற்கப்படும் ‘மொபைலிலிருந்தே இன்ஜினை நிறுத்தலாம்’ என்ற ரிலேயும் இதே வரம்புக்குள்தான் நிற்கிறது. இக்னிஷன் வயரை அறுக்கும் ரிலே, இக்னிஷனை நம்பாத இன்ஜினை எப்படி நிறுத்தும்? நிறுத்தும் வகை வண்டியிலும் ஓட்டத்தில் நிறுத்துவது ஆபத்து. பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், எதிரே வருகிறவர் யாரென்று தெரியாது.

இனி டிராக்கருக்கே வருவோம். மதுரைப் பக்கம் திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுக்கொண்டு தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. ராஜபாளையத்திலிருந்து புளியரை எல்லை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நள்ளிரவில் எடுத்த வண்டி, உரிமையாளர் விடிகாலை எழுந்து வாசலைப் பார்ப்பதற்குள் கேரளத்தின் ஆரியங்காவைக் கடந்திருக்கலாம், மதுரையையும் தாண்டியிருக்கலாம். அந்த நேரத்தில் வண்டி போன திசையைச் சொல்லக்கூடிய ஒரே பொருள் டிராக்கர்தான். அதில் மறுப்பே இல்லை. ஆனால் அது சொல்வது வண்டி போன பிறகு. போகாமல் தடுக்க அதனால் முடியாது. மேலும் அது செயற்கைக்கோளிடமிருந்து இடத்தை அறிந்து, மொபைல் சிக்னல் வழியாகத்தான் உங்களுக்குத் தெரிவிக்கிறது. செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கம் மலையை ஒட்டிய தோப்புகளில் சிக்னல் மெலியும் இடங்களில் திரையில் தெரிவது பழைய இடமாகவே இருக்கும். விலை குறைந்த டிராக்கர்களில் பல 2ஜியில் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, ஆகவே சிம்மைப் பார்த்துப் போட வேண்டும். வருடச் சந்தா முடிந்தால் கருவி மௌனமாகிவிடும், அந்தத் தேதியை நினைவில் வைக்க வேண்டியவர் உரிமையாளர்.

பழைய வண்டிக்கே உரிய இன்னொரு சிக்கல் பேட்டரி. சும்மா நிற்கும்போது ஒரு டிராக்கர் 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி. மாங்காய் சீசன் முடிந்து பத்து நாள் வண்டி நின்றால் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். புதுப் பேட்டரி இதைத் தாங்கும். ஏற்கெனவே பாதி உயிரில் இருப்பது தாங்காது. அப்புறம் எலக்ட்ரீஷியன் டிராக்கரையே கழற்றி வைக்கச் சொல்வார், அதோடு பாதுகாப்பும் போகும். ஆகவே தூங்கும்போது மிகக் குறைவாக இழுக்கும், உள்ளே தனி பேட்டரி உள்ள மாடலைத்தான் கேட்டு வாங்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே, முதலில் கை போகும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போகும் பொருத்தல் பாதி வேலைதான். ஏர்டேக் போன்ற சின்ன வில்லைகள் இதற்கு மாற்று ஆகாது. பக்கத்தில் ஐபோன் உள்ளவர் நடந்தால்தான் அதற்கு வாய் திறக்கும். போதாததற்கு, அறியாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பிவிடும். ஆண்ட்ராய்டு போன்களிலும் 2023 முதல் அந்த எச்சரிக்கை உண்டு.

என் கணக்கில் முதல் இடம் டீசல் லைனில் மறைவாக வைக்கும் ஒரு பித்தளை வால்வுக்கு. டேங்கிலிருந்து பம்ப்புக்குப் போகும் பைப்பில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, ஆனால் ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் அதைப் பொருத்த வேண்டும். கேபிள் வண்டி, சொலினாய்டு வண்டி என்ற பேதம் இதற்கில்லை. டீசல் இல்லாமல் எந்த இன்ஜினும் ஓடாது. மூடிய வால்வோடு ஒருவன் ஸ்டார்ட் செய்தால் பம்ப்பிலும் பைப்பிலும் மிச்சமிருக்கும் டீசலில் இன்ஜின் பிடிக்கும், வண்டி கொஞ்சம் நகரும், பிறகு திணறி நின்றுவிடும். நடுத்தெருவில் நின்றுபோன வண்டியை எதனால் நின்றது என்று இருட்டில் தேடிக்கொண்டிருக்க யாரும் விரும்பமாட்டார்கள். இதற்கும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இது உறிஞ்சும் பக்கத்து லைன். கிளிப் சரியாக இறுகாவிட்டால் டீசல் கசிவதற்கு முன்பே காற்று உள்ளே போகும், காலையில் வண்டி ‘ஏர் பிடித்து’ ஸ்டார்ட் ஆகாது. உரிமையாளரே மறந்துபோய் மூடிய வால்வோடு ஓட்டிவிட்டாலும் கைப்பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். டீசலில் ஊறிக் கெடாத சீல் உள்ள வால்வா என்று கேட்க வேண்டும். தோட்டத்துக் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் சாமான் ஆகாது. டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் ஒருபோதும் வால்வு போடக் கூடாது, அழுத்தம் ஏறிப் பம்ப்பைக் கெடுத்துவிடும்.

மறைவான வால்வுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஆக்டிங் டிரைவர்தான். வாரத்துக்கு ஒருவர் ஓட்டும் வண்டியில் ரகசியம் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டாம் இடத்தை, கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்துக் கவ்வும் பெடல் லாக்குக்குத் தருகிறேன். கிளட்சை மிதிக்காமல் இரண்டாம் கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்வது பெரும்பாடு. அதையும் மீறிக் கிளப்பினால் பிரேக் இல்லாத வண்டியை ஓட்ட வேண்டும். இங்கே தெரிந்துகொள்ள ரகசியம் எதுவும் இல்லை, சாவி ஒன்றுதான், வேலை முடிந்ததும் அது உரிமையாளர் கைக்கு வந்துவிடும். வாங்கும்போது தண்டின் கனத்தையும், பூட்டின் வாய் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பெடல் தண்டைக் கவ்வும் இடத்தில் ஆட்டம் அதிகமிருந்தால் அந்த மாடல் உங்கள் வண்டிக்கானதல்ல. இதோடு தேய்ந்த இக்னிஷன் சாவி செட்டையும் மாற்றிவிட வேண்டும். பத்து வருடம் திருகிய துவாரத்தில் வேறு சாவியும் திரும்பும் நிலை வந்திருந்தால், ஸ்டீயரிங் லாக் இருந்தும் இல்லாததுதான். ஸ்டெப்னிக்கும் டீசல் டேங்க் மூடிக்கும் பூட்டுப் போடுவது சில நூறு ரூபாய் வேலை. அதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

‘வல்லவன் வந்தால் எதையும் உடைப்பான், இவையெல்லாம் வீண்’ என்பார்கள். கட்டி இழுத்துப் போக இன்னொரு வண்டியோடும் ஆளோடும் வருகிறவனை ஒரு பெடல் லாக் நிறுத்தாது, உண்மை. ஆனால் பூட்டில்லாத பழைய வண்டியை எடுக்க அப்படிப்பட்டவன் தேவையே இல்லையே! ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இறக்கமும் போதும் என்ற நிலையை மாற்றி, ஆளும் கருவியும் நேரமும் சத்தமும் வேண்டும் என்று ஆக்கிவிட்டால், முயல்கிறவர்களின் எண்ணிக்கையே குறைந்துவிடும். சத்தம் எழுந்தால் கேட்க ஒரு காது வேண்டும் என்பதும் உண்டு. காவலுக்குப் பேர்போன நாய் இனத்துக்குத் தன் பெயரையே கொடுத்த ஊர் ராஜபாளையம், வீட்டு வளாகத்துக்குள் நிற்கும் வண்டிக்கு அது இன்றும் நல்ல துணை. தெருவில் நிற்கும் வண்டிக்கு விளக்குக் கம்பத்தின் கீழ் இடம் பிடிப்பது, முன் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்துவது ஆகியவற்றுக்குக் காசே ஆகாது. ‘இந்தப் பழைய வண்டியை யார் எடுக்கப்போகிறார்கள்’ என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பழசானாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், டயர் எல்லாம் தனித்தனியாக விலை போகும். எலக்ட்ரானிக் பூட்டு இல்லாததால் பழசுதான் எடுக்க எளிது.

டிராக்கரை மூன்றாவதாக வாங்குங்கள், வாங்காமல் விடாதீர்கள். அதற்கும் முன்னால் இன்சூரன்ஸைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிக்குச் சட்டத்துக்காகத் தேர்டு பார்ட்டி மட்டும் கட்டுகிறவர்கள் அதிகம். அதில் திருட்டுக்கு ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸில் ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. அந்தப் பேச்சில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. திருட்டுப் போனால் அன்றே எஃப்ஐஆர் பதிய வேண்டும். உடனே போலீஸில் புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லத் தாமதமானதை மட்டும் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியதால் போன ஒரு லாரிக்கு 2023-ல் அதே நீதிமன்றம் 75 சதவீதம்தான் கொடுக்கச் சொன்னது. ஆர்.சி. அசலை டேஷ்போர்டில் வைத்துத் திரிய வேண்டியதில்லை, டிஜிலாக்கரில் இருப்பது சட்டப்படி செல்லும். கிளெய்முக்குப் போகும்போது நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். மேலே சொன்னபடி சாவி செட்டை மாற்றியிருந்தால், ஒர்க்‌ஷாப் தந்த தேதியிட்ட பில்லைப் பழைய சாவிகளோடு சேர்த்து வீட்டிலேயே எடுத்து வையுங்கள்.